நகராத சுவர்

“ஒருத்தன் குடியைக் கெடுத்துத் தருவீங்களா?”

தையல்காரம்மா உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இது. உட்காரக்கூட இல்லை. கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. அதைக் கழற்ற மறந்திருந்தாள்.

ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடுபவன் மேசை மேலிருந்து காலை இறக்கினான். “கெடுக்கிறதுன்னா எதிர் ரூம்ல வக்கீல் இருக்கார்மா. நாங்க கண்டுபிடிக்கிறது மட்டும்தான்.”

“நீ கொஞ்சம் வாயை மூடு” என்றாள் அக்கா.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய துப்பறியும் நிறுவனம். அக்கா முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். தானாகத் தீப்பிடித்ததாகச் சொல்லப்பட்ட கடைகளுக்குள் போய், தானாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வருவது அவள் வேலை. மேலதிகாரிக்கு வேண்டிய கடை ஒன்றிலும் அதையே சொன்னதால் அந்த வேலை போய்விட்டது. அவளுக்கு உதவியாளன் ரேடியோ. தூங்கும்போது மட்டும்தான் அவன் வாய் ஓயும் என்பதால் அந்தப் பெயர். தூக்கத்திலும் பேசுவான் என்று அவன் மனைவி சொல்கிறாள்.

“உக்காருங்க. யார் குடியை, எதுக்குக் கெடுக்கணும்?” என்றாள் அக்கா.

“எங்க ஓனரோடதை. எங்க கட்டடத்துல, அவன் வீட்டை ஒட்டின சுவர்ல பெரிய விரிசல். மழை வந்தா மாடிப்படி முழுக்கத் தண்ணி. சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுப் போச்சு. பாத்துக்கலாம்மான்னு சிரிச்சுட்டே போயிடுவான். அதான் நகராட்சியில போய்ப் புகார் கொடுத்தேன். ரிப்பேர் பண்ண வைப்பாங்கன்னு நினைச்சேன். ஆய்வாளர் வந்தார். விரிசல் மேல கண்ணாடியை ஒட்டினார்.”

“விரிசலுக்கு எதுக்குக் கண்ணாடி? அது முகம் பாத்துக்கவா?” என்றான் ரேடியோ.

அக்கா அவனைப் பார்க்காமலே சொன்னாள். “விரிசலுக்குக் குறுக்கே மெல்லிசா ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டுவாங்க. சுவர் அசையலைன்னா அது அப்படியே இருக்கும். துளி அசைஞ்சாலும் உடைஞ்சிடும். பழைய முறை.”

“ரெண்டு இடத்துல ஒட்டினார். மாடிப்படி திரும்புற இடத்துல ஒண்ணு, என் வாசல்கிட்ட ஒண்ணு. கொஞ்ச நாள்ல உடைஞ்சு கிடந்துச்சு. சுவர் நகருது, இது வாழத் தகுதியில்லாத கட்டடம்னு சொல்லி அன்னைக்கே எல்லாரையும் வெளியில விட்டுக் கதவுக்கு சீல் வெச்சுட்டார். பதினோரு குடும்பம். பச்சைக் குழந்தைகூட இருக்கு. இப்போ பள்ளிக்கூட வராந்தாவுல கிடக்கோம். நாளைக்கு லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்குது. நாளைக்கே கட்டடத்தை இடிக்க மெஷினும் வருது. இடிச்சுட்டா எங்களுக்குன்னு திரும்பிப் போக ஒரு செங்கல்கூட இருக்காது.”

“உங்களை எல்லாரும் என்ன சொல்றாங்க?”

அந்தக் கேள்விக்குத்தான் தையல்காரம்மாவின் முகம் மாறியது. “புகார் கொடுத்தவ நான்தானே. என்னால நடுத்தெருவுக்கு வந்துட்டாங்களாம். கூடப் பிறந்த தங்கச்சி என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்கிறா. அழுது அழுது முடிச்சுட்டேன். இனிமே அழ மாட்டேன். அந்த ஆள் ஏதோ பண்ணியிருக்கான். என்னன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

ரேடியோவுக்கு வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் வரும். அவன் அதை விழுங்கிக்கொண்டு சட்டையை மாட்டினான்.

பள்ளிக்கூட வராந்தாவில் பதினோரு குடும்பமும் கிடந்தது. சுருட்டிய மெத்தைகள், கழற்றி வந்த மின்விசிறி, ஜன்னல் கம்பியில் தேய்த்து மாட்டிய ஒரு வெள்ளைச் சட்டை. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமே, வீடு இல்லாவிட்டால் என்ன, சட்டை கசங்கலாமா? இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இவர்கள் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒழுகுகிற வீட்டை ஒழுகுகிறது என்று ஒருத்தி சொன்னாள். அதற்கு இவ்வளவு பேருக்குத் தண்டனை.

தையல்காரம்மாவைப் பார்த்ததும் மூன்றாம் மாடியில் குடியிருந்த லாரி டிரைவர் எழுந்து வந்தார். நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய தொண்டை.

“வந்துட்டா பாருங்க மகராசி! நீ பாட்டுக்கு வாயை மூடிட்டு இருந்திருந்தா நாங்க இப்படிக் கிடப்போமா? உன் பேச்சைக் கேட்டு வந்து மூணு கண்ணாடியை ஒட்டினாங்க, மூணும் தெறிச்சுப் போச்சு. அதோட நம்ம பொழப்பும் போச்சு!”

“அண்ணே, மெதுவா. பெஞ்சுல குழந்தை தூங்குது” என்றான் ரேடியோ.

“நீ யாருடா?”

“நான் சும்மா கூட வந்தவன். கத்துறதுக்குச் சம்பளம் கொடுக்கற மாதிரி இருந்தா உங்ககூடவே சேர்ந்துக்கறேன்.”

தையல்காரம்மா கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றிச் சுருட்டினாள். அவளுடைய தங்கை தூணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அக்கா டிரைவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “வா, ஆய்வாளர் ஆபீசுக்குப் போகலாம்” என்று நடந்தாள்.

கட்டட ஆய்வாளருக்கு ஊரில் ‘விதிப்படி’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த வார்த்தையில்தான் தொடங்குவார். லஞ்சம் கிஞ்சம் கிடையாது. சட்டை காலரில் அழுக்கில்லை, மேசையில் தூசியில்லை, சோப்பு டப்பா ஒன்றில் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். அயோக்கியனாக இருந்திருந்தால் ரேடியோவுக்கு அவரை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

“விதிப்படி எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு. ஒட்டினது மூணு. மாடிப்படி, கீழ் வாசல், மோட்டார் ரூம். மூணும் உடைஞ்சிருந்தது. சுவர் நகருதுன்னு தெரிஞ்ச பிறகும் ஆட்களை உள்ளே விட்டு வெச்சு, நாளைக்கு அது அவங்க தலையில விழுந்தா யார் பதில் சொல்றது?”

“நியாயம்தான். மோட்டார் ரூமைப் பூட்டி வைப்பாங்களா?” என்றாள் அக்கா.

“எப்பவும் பூட்டுதான். சாவி ஓனர்கிட்ட. நான் போறப்போ திறந்துவிடுவார்.”

“சரி. அந்தக் குடும்பங்களுக்கு வேற இடம்?”

விதிப்படியின் கண்கள் முதல் தடவையாக மேசைக்குத் தாழ்ந்தன. “உத்தரவு ரெண்டு விதம். பழுது பார்னு உத்தரவு போட்டா, வேலை முடியற வரைக்கும் குடியிருந்தவங்களுக்கு ஓனர்தான் இடம் கொடுக்கணும். முடிஞ்சதும் அதே வாடகைக்குத் திரும்ப உள்ளே விடணும். வாழத் தகுதியில்லைன்னு போட்டா அவருக்குப் பொறுப்பு எதுவும் கிடையாது. கட்டடமே இல்லாதப்போ குடித்தனக்காரர் ஏது?”

“அப்போ நீங்க அந்த ஓனருக்குத் தண்டனை கொடுக்கலை சார். வரம் கொடுத்திருக்கீங்க” என்றான் ரேடியோ. “பழைய வாடகையிலேயே இருக்கறவங்க, அவர் இத்தனை வருஷமாத் துரத்த முடியாதவங்களை நீங்க ஒரே நாள்ல துரத்திக் கொடுத்துட்டீங்க.”

“சட்டம் அவங்க உயிரைக் காப்பாத்தத்தான் இருக்கு தம்பி.”

“உயிர் பத்திரமா இருக்கு சார். பள்ளிக்கூட வராந்தாவுல படுத்திருக்கு.”

விதிப்படி சோப்பு டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அக்கா எழுந்துகொண்டே கேட்டாள். “சுவரோட அந்தப் பக்கம் ஓனர் வீடுதானே? அங்கே கண்ணாடி ஒட்டலையா?”

“விதிப்படி, புகார் வந்த கட்டடத்தை மட்டும்தான் நாங்க பார்ப்போம். அந்த வீட்டு மேல யாரும் புகார் கொடுக்கலையே.”

வெளியே வந்ததும் ரேடியோ கொதித்தான். “அக்கா, அந்த ஓனரே சுத்தியல் எடுத்து உடைச்சிருக்கான். போய்ச் சட்டையைப் பிடிச்சுக் கேட்டா என்ன?”

“இல்லைன்னு சொல்வான். உன்கிட்ட அப்புறம் என்ன இருக்கும்?”

“அவன் சட்டை இருக்கும்.”

“வாடா” என்றாள் அக்கா.

ஓனர் வீடு சீல் வைத்த கட்டடத்தை ஒட்டியே இருந்தது. ஒன்று வெளிறிப்போய் நாலு மாடி, இன்னொன்று பளபளவென்று இரண்டு மாடி. ஒரே தகப்பன் கட்டியவை என்று பார்த்தவுடன் தெரியாது. அழைப்பு மணியை அடித்ததும் ஓனரே வந்து திறந்தார். சிரித்த முகம். தூங்கும்போதும் அப்படியேதான் இருப்பார் போலிருந்தது.

“நாளைக்குப் பக்கத்துல இடிக்கிறாங்க இல்லையா, அதான் ஒட்டியிருக்கிற வீடுகளை ஒரு பார்வை பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றாள் அக்கா. அதில் ஒரு பொய்யும் இல்லை. யார் அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரேடியோ பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, அளக்கத் தேவையில்லாத கதவை மும்முரமாக அளந்தான்.

ஓனருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதில் கொள்ளை ஆசை. கூடம், சாப்பாட்டு அறை, மாடியில் யாரும் படுக்காத நான்கு அறைகள். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். கடைசியாகத் தன் படுக்கையறையைத் திறந்தார். தேக்குக் கட்டில், தலைமாடு சுவரில் இடிக்க.

“அந்த ஜனங்களை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது” என்றார் சிரித்துக்கொண்டே. “சுவர் விழுந்திருந்தா எத்தனை உயிர் போயிருக்கும்! நல்லவேளை, அரசாங்கம் முந்திக்கிச்சு.”

“இது அதே சுவர்தானே?” என்றாள் அக்கா.

“ஆமா, ரெண்டு கட்டடத்துக்கும் ஒரே சுவர். எங்கப்பா காலத்துல சேர்த்துக் கட்டினது. இடிக்கிறவங்ககிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன். இந்தச் சுவரை மட்டும் தொடக் கூடாது, மிச்சத்தை எடுத்துக்கோன்னு.”

ரேடியோவின் கையிலிருந்த டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே ஓடியது. அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “ரொம்ப நல்லதுங்க. நாங்க கிளம்பறோம்” என்றாள்.

தெருவுக்கு வந்ததும் அவள் கேட்டாள். “என்ன பாத்தே?”

“விழப்போற சுவர்ல தலையை வெச்சுத் தூங்கறான். அதைவிட, விழப்போற அந்த ஒரு சுவரைத்தான் இடிக்கக் கூடாதுங்கறான். நகரவே இல்லைன்னு அவனுக்கு நல்லாத் தெரியும்.”

“அதை அவன் வாயால சொல்ல வைக்கணும். ரேடியோ, நீ நல்லாப் பேசுவியே. போய் ஒரு புகார் கொடு.”

“யார் மேல?”

“அந்த வீட்டு மேல.”

ரேடியோவின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது. இவளிடம் வேலைக்குச் சேர்ந்ததற்காக அவன் கடவுளுக்கு நன்றி சொன்ன சில தருணங்களில் அது ஒன்று. அவன் நகராட்சிக்கு நடக்கவில்லை, ஓடினான். நகர்கிற சுவரில் ஓர் அப்பாவி மனிதர் தலையை வைத்துத் தூங்குகிறார், இன்று ராத்திரியே விழலாம், உடனே காப்பாற்றுங்கள் என்று அவன் உருகிய உருக்கத்தில் பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உயிருக்கு ஆபத்து என்றால் விதிப்படி அன்றைக்கே போக வேண்டும். ஆய்வாளர் சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெயில் தாழ்வதற்குள் ஓனர் வீட்டு வாசலில் ஒரு கூட்டம். அக்கா பள்ளிக்கூட வராந்தாவையே திரட்டிக்கொண்டு வந்திருந்தாள். முன்னால் தையல்காரம்மா, கடைசியில் டிரைவர். நகராட்சி ஆட்கள் தேக்குக் கட்டிலைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். அடுத்து பீரோ. அடுத்து ஒரு சோபா.

“என்ன சார் இது, அநியாயம்!” ஓனர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த முகம் சிரிப்பில்லாமல் எப்படி இருக்கும் என்று தெரு முதல்முதலாகப் பார்த்தது. தையல்காரம்மா கண் இமைக்காமல் பார்த்தாள்.

“விதிப்படி, நகர்ற சுவர் ரெண்டு பக்கமும் நகரும்” என்றார் ஆய்வாளர். “அந்தப் பக்கம் தகுதியில்லைன்னா இந்தப் பக்கமும் இல்லை. நான் முன்னாடியே இங்கே வந்து பாத்திருக்கணும். நாளைக்கு மெஷின் ரெண்டையும் சேர்த்தே எடுத்துடும். பள்ளிக்கூட வராந்தா இன்னைக்கு ராத்திரி வரைக்கும் இருக்கு, நீங்களும் அங்கே—”

“சார், என் வீடு இரும்பு! நூறு வருஷத்துக்கு அசையாது!”

“கண்ணாடி உடைஞ்சிருக்கே.”

“அது தானா உடையலை சார்!”

சோபாவைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள்.

“அப்போ எப்படி உடைஞ்சது?” என்றாள் அக்கா, ரொம்ப அன்பாக.

ஓனர் அவளையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். ரேடியோ உள்ளுக்குள் எண்ணினான்: சொல்லு, நான்தான் உடைச்சேன்னு சொல்லு. ஆனால் ஓனரின் கை நீண்டது வேறு பக்கம். கூட்டத்தின் கடைசிக்கு.

“அவன்தான் உடைச்சான். அந்த டிரைவர்!”

ரேடியோ வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது புது அனுபவம்.

“நீங்கதானே சாவியைக் கொடுத்து உடைக்கச் சொன்னீங்க!” என்று அலறினார் டிரைவர். “உங்க தம்பியும் இதுல பங்குக்காரன், அவன் ரிப்பேருக்கு ஒத்துக்க மாட்டேங்கிறான், கண்ணாடி உடைஞ்சாச் சட்டமே அவனைப் பண்ண வெச்சிடும்னு சொன்னது யாரு? ரிப்பேர் ஆனதும் கீழ் முன்பக்க வீடு உனக்குன்னு சொன்னது யாரு?”

கீழ் முன்பக்க வீடு தையல்காரம்மா குடியிருந்த வீடு. சொல்லி முடித்த பிறகுதான் டிரைவருக்கு அது உறைத்தது.

“இவர்தான்னு எப்படிக்கா தெரிஞ்சுது?” என்றான் ரேடியோ மெதுவாக.

“கண்ணாடி ரெண்டுன்னுதான் இவங்க எல்லாருக்கும் தெரியும். மூணாவது பூட்டின மோட்டார் ரூம்ல இருந்தது. காலையில இவர் கத்தறப்போ மூணும் தெறிச்சுப் போச்சுன்னார். நீ அவர் தொண்டையைத்தான் கேட்டே, பேச்சைக் கேக்கலை.”

கூட்டம் டிரைவரை நோக்கி நகர்ந்தது. நாலைந்து கைகள் ஓங்கின. தையல்காரம்மா அவற்றை விலக்கிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள். அடிப்பாள் என்று ரேடியோ நினைத்தான். அடிக்கட்டும் என்றும் நினைத்தான்.

“உன்னை அவன் ஏமாத்திட்டான், அது சரி. நீ பண்ணினது தெரிஞ்சுமே என்னை அந்த வராந்தாவுல வெச்சு, என் தங்கச்சி எதிர்லயே வாய்க்கு வந்தபடி ஏசினியே, அது யார் சொல்லிப் பண்ணினே?”

கூட்டத்துக்குள்ளிருந்து தங்கை வந்து தையல்காரம்மாவின் கையைப் பிடித்தாள். அவள் உதறவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மன்னிப்பதற்கு வேறொரு நாள் வரும், இன்றைக்கு அவளுக்கு வேறு வேலை இருந்தது.

விதிப்படி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவமானத்தில் அவர் காது சிவந்திருந்தது. “தகுதியில்லைன்னு போட்ட உத்தரவு ரத்து. கையால உடைச்ச கண்ணாடியை வெச்சுக் கட்டடத்தை இடிக்க முடியாது. நாளைக்கு மெஷின் வராது. ஆனா விரிசல் இருக்கறது நிஜம், அதை நான் இந்தக் கண்ணால பாத்திருக்கேன். பழுது பார்க்கச் சொல்லி இப்பவே உத்தரவு போடறேன். கண்ணாடி விஷயத்துக்கு ரெண்டு பேரும் போலீசுக்குப் பதில் சொல்லிக்கோங்க.”

“வேலை முடியற வரைக்கும் இவங்களுக்கு இடம்?” என்றாள் அக்கா.

“விதிப்படி, ஓனர் தனக்குச் சொந்தமான வேறொரு நல்ல கட்டடத்துல கொடுக்கணும்.”

தப்பித்துவிட்டோம் என்று ஓனருக்கு மூச்சு வந்தது. உதட்டோரம் லேசாக அந்தச் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது. “எனக்குத்தான் வேற கட்டடமே கிடையாதே சார். இருக்கறது இந்த ஒரு வீடுதான்.”

“நல்ல வீடுதானே?” என்றார் ஆய்வாளர்.

“இரும்பு சார்!” என்றான் ரேடியோ. அவனுக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது. “நூறு வருஷத்துக்கு அசையாது. இத்தனை பேர் முன்னாடி அவர் வாயாலயே சொன்னார். மாடியில நாலு ரூம் காலியாக் கிடக்கு. நானே பாத்தேன்.”

விதிப்படி அந்த வீட்டை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு சோப்பு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, “தகுதியான கட்டடம்தான்” என்றார்.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆள் போய், மெத்தைகளும் பாத்திரங்களும் மின்விசிறியும் வந்தன. கைக்குழந்தைக்காரி முதலில் உள்ளே போய்க் கூடத்தின் நடுவில் துணியை விரித்தாள். டிரைவர் தன் மூட்டையோடு வாசற்படியில் கால் வைத்தபோது தையல்காரம்மா கையைக் குறுக்கே நீட்டினாள். “உன் பொண்டாட்டி பிள்ளைங்க உள்ளே போகட்டும். நீ வாசல்ல படு.” அவர் மூட்டையை வாசலிலேயே இறக்கினார்.

அவள் நேராக ஓனரின் படுக்கையறைக்குப் போய், கட்டில் கிடந்த இடத்தில் தன் பாயைப் போட்டாள். ஓனர் பின்னாலேயே ஓடிவந்தார். முகத்தில் வேர்வை, குரலில் கெஞ்சல்.

“அம்மா, இந்த ரூமை மட்டும் விட்டுடும்மா. நான் எங்கே படுப்பேன்?”

“தெருவுல உங்க கட்டில் காலியாத்தான் கிடக்கு.”

“எத்தனை நாளைக்கும்மா இப்படி?”

“நீங்க எப்போ ரிப்பேரை முடிக்கிறீங்களோ அது வரைக்கும்” என்று தையல்காரம்மா தலையணையைத் தட்டிப் போட்டாள். “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை.”